கப்பல் சீட்டும் காப்பீட்டுப் பத்திரமும்: கையொப்பமிடுமுன் ஒரு சிந்தனை

ஆனி மாதத்தில் நமது பண்ருட்டிக்கு வருவோர், சாலையோரங்களில் குவிந்து கிடக்கும் பலாப்பழங்களைக் காணாமல் செல்ல முடியாது. அங்கே பழம் வாங்குகிறவரைச் சற்று நின்று கவனியுங்கள். முள் விரிந்திருக்கிறதா என்று பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், விரல் முட்டியால் தட்டி ஓசையைக் கேட்பார், சுளை எத்தகையது என்று வியாபாரியிடம் பத்துக் கேள்விகள் கேட்பார். அதன் பின்னரே முந்நூறு ரூபாயைக் கையிலிருந்து விடுவார். அதே மனிதர் மூன்று லட்சம் ரூபாய்க்கு ஒரு பயண ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது, 'நிபந்தனைகளைப் படித்தேன், ஏற்கிறேன்' என்ற கட்டத்தில் ஒரு நொடியில் விரலை வைத்துவிடுகிறார். படித்ததோ ஒரு வரியும் இல்லை.

பிறரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. நாமும் அவ்வாறே செய்து வந்தவர்கள்தாம். அண்மையில் நமக்கு நெருக்கமான ஒரு குடும்பத்திற்கு நேர்ந்த இழப்பே நம் கண்ணைத் திறந்தது.

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பத்தைந்து ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர் அக்குடும்பத் தலைவர். பெற்றோரின் நாற்பதாம் திருமண நாளை முன்னிட்டுப் பிள்ளைகள் மூவரும் சேர்ந்து, சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் நான்கு நாள் பயணத்திற்கு ஏற்பாடு செய்தனர். பேரப்பிள்ளைகள் உட்பட எட்டுப் பேர். ஏறக்குறைய இரண்டரை லட்சம் ரூபாய். அந்த அம்மா அதுவரை கடலைக் கரையிலிருந்து மட்டுமே கண்டவர். புதுச் சேலைகளும் எடுத்தாயிற்று. புறப்பட ஆறு நாள் இருக்கையில் அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது, மருத்துவமனையில் சேர்த்தனர். தாயைப் படுக்கையில் விட்டுவிட்டுப் பிள்ளைகள் கப்பல் ஏறுவார்களா? பயணத்தையே கைவிட்டனர்.

மூத்த மகன் பணத்தைத் திருப்பிக் கேட்டார். 'புறப்பாட்டிற்கு இத்தனை அருகில் ரத்துச் செய்தால் கட்டணம் முழுவதும் நிறுவனத்தையே சேரும்; துறைமுகக் கட்டணமும் வரியும் மட்டுமே திரும்பக் கிடைக்கும்' என்று மறுமொழி வந்தது. நிபந்தனைத் தாளிலும் அவ்வாறே அச்சிட்டிருந்தது. காப்பீடு எடுத்திருக்கிறோமே என்று அந்தப் பத்திரத்தைப் பிரித்தனர். அது கப்பலில் ஏறிய பின் நேரும் விபத்துக்கும் நோய்க்கும் மட்டுமே பொறுப்பேற்றிருந்தது. பயணம் ரத்தானால் ஈடு தரும் பிரிவு அதில் இல்லவே இல்லை. சற்றுக் கூடுதலான பிரீமியத்தில் அந்தப் பிரிவுள்ள பாலிசியும் அதே பட்டியலில் இருந்தது. விலை குறைந்ததைப் பார்த்து இதை எடுத்துவிட்டனர்.

நாம் நலம் விசாரிக்கச் சென்றபோது அந்த அம்மா, "என் காய்ச்சலாலே பிள்ளைகள் பணமெல்லாம் போயிற்றே, ஐயா!" என்று கண் கலங்கினார். நம் மனத்தைத் தைத்த சொல் அது. பணம் போனது காய்ச்சலால் அன்று. எவரும் தாளைப் படிக்காமையால். தம்மேல் இல்லாத ஒரு குற்றத்தை ஒரு தாய் சுமக்கலானார். வேறொரு வீட்டில் இது நிகழலாகாது என்பதற்காகவே இத்திங்கள் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

கடல்வழி நமக்குப் புதிதன்று

கப்பற் பயணம் நமக்குப் புதியதோர் ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம். 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' என்னும் கப்பல், 1973 வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் மக்களை ஏற்றிச் சென்றது. அதன்பின் 'சிதம்பரம்' கப்பல் ஓடிற்று. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அக்கப்பலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். அத்தோடு அதன் பயணிகள் சேவை முடிவுற்றது. நம் ஊர்ப் பக்கத்து முதியோர் சிலர் அக்கப்பல்களில் மலாயாவுக்குச் சென்ற கதையை இன்றும் வீடுகளில் சொல்லக் கேட்கலாம். அன்று மக்கள் பிழைப்பிற்காகக் கப்பல் ஏறினர். இன்று களிப்பிற்காக ஏறுகின்றனர்.

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் சேவையை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மறு ஆண்டு ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் சென்றது. ஓய்வூதியக்காரர் குடும்பங்களிலும் வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளிலும் 'ஒருமுறை கப்பலில் போய் வருவோமே' என்னும் பேச்சு அது முதல் அடிக்கடி எழுகின்றது. நல்லதே. உழைத்தவர்கள் ஒன்றாக மகிழ்ந்திருப்பதில் தவறொன்றும் இல்லை. ஆயின், ஆழமறியாமல் காலை விடலாகாது.

விளம்பரம் நமக்குக் காட்டுவது கனவை. நாம் விலை கொடுத்து வாங்குவதோ நிபந்தனைத் தாளில் உள்ளதை மட்டுமே. ஆகவே பணம் கட்டுமுன் நாம் விடை தேட வேண்டிய கேள்விகள் மூன்று. கப்பல் சொன்னபடி போகாவிட்டால் என்ன ஆகும்? நம்மால் போக முடியாவிட்டால் என்ன ஆகும்? போகும் வழியில் நோயுற்றால் என்ன ஆகும்? முதற் கேள்விக்குக் கப்பல் சீட்டும், மூன்றாவதற்குக் காப்பீட்டுப் பத்திரமும், இரண்டாவதற்கு இரண்டும் சேர்ந்தும் விடை தருகின்றன.

கப்பல் சொன்னபடி போகாவிட்டால்

இதற்கு எடுத்துக்காட்டு நம் வீட்டுக்கு மிக அருகிலேயே உண்டு. 2022 ஜூனில் அந்த 'எம்ப்ரஸ்' கப்பலின் பயணத் திட்டத்தில் விசாகப்பட்டினமும் புதுச்சேரியும் இருந்தன. கப்பலில் சூதாட்டக் கூடம் உண்டென்று புதுச்சேரியில் எதிர்ப்பு எழுந்தது. அங்கே பயணிகளை இறக்க அனுமதி கிடைக்காமல் கப்பல் திரும்பிற்று. புதுச்சேரியைப் பார்க்கலாம் என்று பணம் கட்டியவர்கள் அதைக் கடலிலிருந்தே பார்த்துவிட்டு வர வேண்டியதாயிற்று.

இத்தகைய நிலையில் கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டாவா என்று கேட்கத் தோன்றும். உலகெங்கும் உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் நிபந்தனைகளில் பொதுவாக ஒரு விதி காணப்படுகின்றது: வானிலை, துறைமுக அனுமதி, பாதுகாப்பு முதலிய காரணங்களால் வழியை மாற்றவோ, ஒரு துறைமுகத்தைத் தவிர்க்கவோ, நேரத்தை மாற்றவோ கப்பல் தலைவருக்கு உரிமை உண்டு. அவ்வாறு மாற்றினால் அந்தத் துறைமுகத்திற்கென்று வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தருவது வழக்கம். பயணக் கட்டணத்தில் குறைத்துத் தர வேண்டிய கடமை இல்லை என்று எழுதிக்கொள்வர். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதனால் 2024இல் பல நிறுவனங்கள் அவ்வழியை விட்டு விலகின. ஓர் இடத்தைக் காண்பதற்காகவே பயணம் செல்வோர், அந்த இடம் தவறினாலும் மனநிறைவு உண்டா என்று முன்கூட்டியே தம்மைக் கேட்டுக்கொள்வது நன்று.

நம் கரையில் பருவமழையும் ஒரு கணக்கு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று பல்லாண்டுகளுக்குப் பிறகு தொடங்கிற்று. யாழ்ப்பாணத்து உறவினரைக் காணவும், அவர்கள் வேளாங்கண்ணிக்கு வரவும் வழி பிறந்ததென்று மகிழ்ந்தோம். வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு அது ஒரு வாரத்திற்குள் நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்க 2024 ஆகஸ்டு ஆயிற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்ததை மறந்தவர் நம்மில் உண்டோ? ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக் கடலில் பயணம் என்று விலை குறைத்துச் சொன்னால், விலை ஏன் குறைந்தது என்று கேளுங்கள்.

கட்டணத்தைப் படிக்கும் முறை

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ள தொகை பெரும்பாலும் ஒருவருக்குரியது. அதுவும் இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டால் மட்டுமே. தனியாகச் செல்பவர் ஓர் அறைக்கு ஏறக்குறைய இருவரின் கட்டணத்தைக் கொடுக்க நேரிடலாம். அறைகளிலும் வகை உண்டு. சாளரமே இல்லாத உள்ளறை, கண்ணாடி வழியே கடல் தெரியும் அறை, வெளியே நின்று காற்று வாங்க மாடம் உள்ள அறை என்பன அவை. மிகக் குறைந்த விலை உள்ளறைக்கே உரியது. மூச்சுத் திணறல் உள்ள முதியோரை அதில் தங்க வைப்பது தகுமா என்று எண்ணிப் பாருங்கள்.

துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர்க்கு நாள்தோறும் வசூலிக்கும் சேவைத் தொகை, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் செலவு, இணைய வசதி, சில தனி உணவகங்கள் ஆகியன பெரும்பாலும் கட்டணத்தில் அடங்குவதில்லை. 'எல்லாம் சேர்ந்து எவ்வளவு?' என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இல்லை.

கரையில் இறங்கினால் குறித்த நேரத்திற்குள் திரும்ப வேண்டும். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். தாமாகச் சென்றவர்க்காகக் காத்திராது. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் எட்டுப் பயணிகள் காலந்தாழ்ந்து வந்ததால் கரையிலேயே விடப்பட்டனர். தொலைதூரத் தீவில், கையில் வேண்டிய பணமும் இன்றி, அடுத்த துறைமுகத்திற்குத் தம் செலவில் செல்ல அவர்கள் அலைய நேர்ந்தது.

குழந்தையும் கருவுற்ற பெண்ணும் உள்ள வீட்டார் ஒன்றைக் குறித்துக்கொள்ளவும். பயணம் முடிவதற்குள் கருவுற்று 24 வாரம் ஆகிவிடும் பெண்களைப் பல நிறுவனங்கள் ஏற்றிக்கொள்வதில்லை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளையும் பெரும்பாலும் ஏற்பதில்லை. துறைமுகத்தில் நின்று கெஞ்சுவதால் பயனில்லை. முன்பதிவின்போதே கேட்க வேண்டும்.

நம்மால் போக முடியாவிட்டால்

ரத்துக் கட்டணம் ஏணிப்படி போன்றது. புறப்பாட்டிற்கு நெடுநாள் முன்னதாக ரத்துச் செய்தால் சிறு தொகை கழியும். நாள் நெருங்க நெருங்கக் கழிவு ஏறும். கடைசிப் படியில் முழுத் தொகையும் போகும். எந்த நாளில் எந்தப் படி என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்த நாள்களை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். முன்பணம் எந்நிலையிலும் திரும்பாது என்று சில சலுகைச் சீட்டுகளில் எழுதியிருக்கும். பெயரை மாற்றவோ வேறு தேதிக்குத் தள்ளவோ இயலுமா, எந்த நாள் வரை இயலும் என்பதையும் கேட்டறியுங்கள்.

இந்த இழப்பை ஈடு செய்வதற்கென்றே காப்பீட்டில் 'பயண ரத்து' என்னும் பிரிவு உண்டு. அது எல்லாப் பாலிசியிலும் இருப்பதில்லை. இருந்தாலும், பாலிசியில் பட்டியலிட்ட காரணங்களுக்கு மட்டுமே பணம் கிடைக்கும். பயணிக்கோ நெருங்கிய குடும்பத்தினர்க்கோ கடும் நோய், இறப்பு போன்றவை அப்பட்டியலில் இருக்கும். விடுப்புக் கிடைக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பவை பெரும்பாலும் இரா. 'நெருங்கிய குடும்பத்தினர்' என்பதில் யார் யார் அடக்கம் என்பதையும் பாருங்கள். மாமியாரும் பாட்டியும் நம் வீட்டில் நெருங்கியவரே. பாலிசியில் அவ்வாறு இராமற் போகலாம்.

ரயில் பயணச்சீட்டை இணையத்தில் எடுக்கும்போது 45 பைசாவுக்கு ஒரு காப்பீடு தருகிறார்கள் அல்லவா? விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய் குடும்பத்திற்குக் கிடைக்கும், நல்ல ஏற்பாடே. ஆனால் ரயில் தாமதமானாலோ காய்ச்சலால் நாம் போகாவிட்டாலோ அது ஒரு காசும் தராது. அதற்காக எடுத்த காப்பீடு அதுவன்று. அதிலும் வாரிசின் பெயரைப் பதிவு செய்யாமல் விட்டுவிடுவோர் பலர். எந்தக் காப்பீடாயினும் அது எதற்காக என்பதை அறிந்து எடுப்பதே முதற் பாடம்.

நம் விருப்பமின்றிச் சீட்டுடன் காப்பீட்டையோ வேறொன்றையோ தாமே சேர்த்துப் பணம் வாங்குவதை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள் தடை செய்கின்றன. முகவர் தாமே சேர்த்துவிட்ட பாலிசியைப் பார்த்து, 'காப்பீடுதான் இருக்கிறதே' என்று அமைதி கொள்ள வேண்டாம். அது நமக்கு வேண்டியதுதானா என்று பாருங்கள்.

வழியில் நோயுற்றால்

கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் இலவசமன்று. கட்டணம் நம் அறைக் கணக்கில் ஏறும். இறங்குமுன் கட்டிவிட்டு, பின்னர் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டும். ஆகவே எந்த ரசீதையும் எறியலாகாது. நோய் முற்றினால் அருகிலுள்ள துறைமுகத்தில் இறக்குவர். அவசரமாயின் ஹெலிகாப்டர் வரவழைக்கவும் கூடும். இந்த 'அவசர மருத்துவ வெளியேற்றம்' என்னும் செலவே ஒரு குடும்பத்தைக் கடனாளியாக்க வல்லது. உங்கள் பாலிசியில் இதற்கு எவ்வளவு தொகை, கடலில் இருக்கையில் அது பொருந்துமா, இறந்தால் உடலைத் தாயகம் கொண்டுவரும் செலவு உண்டா என்று மூன்றையும் பாருங்கள். கேட்பதற்கு அச்சமாக இருக்கலாம். கேளாமல் விடுவது அதினும் அச்சத்திற்குரியது.

உள்ளூரில் நாம் வைத்திருக்கும் மருத்துவக் காப்பீடு பொதுவாக வெளிநாட்டில் செல்லாது. வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டைப் புறப்படுமுன்னரே எடுக்க வேண்டும். மறுபுறம், சென்னையில் ஏறி விசாகப்பட்டினம் சென்று சென்னைக்கே திரும்பும் பயணத்திற்கு வெளிநாட்டுப் பாலிசி பயன்படாது. உள்நாட்டுப் பயணக் காப்பீடே வேண்டும். இந்தச் சிறு வேறுபாட்டில் தடுமாறுவோர் உண்டு.

பாலிசியின் முன்பக்கத்தில் 'கொடுப்போம்' என்பவை இருக்கும். பின்பக்கத்தில் 'கொடுக்க மாட்டோம்' என்பவை இருக்கும். பின்பக்கத்திலிருந்தே படிக்கத் தொடங்குங்கள் என்பது நமது யோசனை. 'விலக்குகள்' என்ற தலைப்பின்கீழ் போர், மது அருந்தியதால் வந்த கேடு, முன்னரே இருந்த நோய் முதலியவை பெரும்பாலும் இடம்பெறும். ஒவ்வோர் இழப்பிலும் முதலில் நாமே ஏற்க வேண்டிய கழிவுத் தொகையும் ஒன்று உண்டு. அத்தொகைக்குக் குறைந்த செலவுக்கு ஒன்றும் கிடைக்காது.

கொள்ளைநோயும் ஒரு சோதனை. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோக்கோஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' என்னும் கப்பல் தனிமைப்படுத்தப்பட்டது. 3,700க்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். எழுநூறுக்கு மேற்பட்டோர்க்குக் கொரோனா தொற்றிற்று. நம் நாட்டுப் பணியாளர் நூற்றுக்கு மேற்பட்டோரும் அதில் இருந்தனர். கொள்ளைநோய்க் காலத்துச் செலவை ஏற்குமா, ஏற்காதா என்பதை ஒவ்வொரு பாலிசியிலும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று உலகம் அன்று கற்றது.

உண்மை சொன்னவரும் மறைத்தவரும்

இப்போது இக்கட்டுரையின் மையத்திற்கு வருகிறோம். விண்ணப்பப் படிவத்தில், 'உமக்கு நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உண்டா?' என்று கேட்பர். 'இல்லை என்று போடுங்கள், பிரீமியம் குறையும்' என்று சொல்லும் முகவர்கள் உளர். 'அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சந்தானே' என்று எண்ணி நாமே மறைப்பதும் உண்டு. இங்கேதான் பெரும் இடர் தொடங்குகிறது.

உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று 2009இல் வந்தது. மருத்துவக் காப்பீடு எடுத்த ஒருவர் தமக்கிருந்த நீரிழிவையும் சிறுநீரக நோயையும் படிவத்தில் தெரிவிக்கவில்லை. அவர் இறந்தபின் மனைவி ஈட்டுத்தொகை கேட்டார். காப்பீட்டு ஒப்பந்தம் முழு நம்பிக்கையின்மேல் நிற்பது. முக்கியமான உண்மையை மறைத்தால் நிறுவனம் மறுக்கலாம் என்று நீதிமன்றம் கூறிற்று. மறைத்தவர் கணவர், வெறுங்கையுடன் நின்றவர் மனைவி.

மற்றொன்று 2021 டிசம்பர் 6 அன்று வந்தது. உறவினர் திருமணத்திற்காக 2009இல் அமெரிக்கா சென்ற ஒருவர், வெளிநாட்டு மருத்துவக் காப்பீடு எடுக்கையில் தமக்கு நீரிழிவு உண்டென்று தெரிவித்திருந்தார். பாலிசி தருமுன் மருத்துவப் பரிசோதனையும் நடந்தது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியவுடன் அவருக்கு மாரடைப்பு வந்தது. இதயக் குழாய்களில் மூன்று ஸ்டென்ட் வைத்தனர். இரத்தக் கொழுப்பிற்கு மாத்திரை உண்டதைத் தெரிவிக்கவில்லை என்று நிறுவனம் பணம் தர மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையத்திலும் அவர் தோற்றார். உச்ச நீதிமன்றமோ, நோயைத் தெரிந்துகொண்டு பாலிசி கொடுத்துவிட்டு, அதே நோயைக் காட்டிப் பின்னர் மறுக்கலாகாது என்று கூறி, வட்டியுடன் பணம் தரப் பணித்தது. பன்னிரண்டு ஆண்டு ஆயிற்றெனினும், உண்மையே அவரைக் காத்தது.

ஆகவே படிவத்தை முகவரிடம் விடாமல் நீங்களே நிரப்புங்கள். அன்றாடம் உண்ணும் மாத்திரைகளின் பெயர்களையெல்லாம் எழுதுங்கள். நிரப்பிய படிவத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் சற்று ஏறலாம். இரவில் உறக்கம் வரும்.

குழுவாகச் செல்வோர்க்கு ஒரு சொல்

நம் பங்குகளிலிருந்து குழுவாகத் திருத்தலங்களுக்குச் செல்லும் வழக்கம் பெருகியுள்ளது. பணம் திரட்டி ஏற்பாடு செய்பவர் பெரும்பாலும் நம்மில் ஒருவரே. ஊதியம் கருதாமல் செய்பவர். நன்மனம் போதாது, தாளும் வேண்டும். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரயேலில் போர் மூண்டபோது, புனித நாட்டிற்குச் சென்றிருந்த யாத்திரைக் குழுக்கள் பாதி வழியில் திரும்ப நேர்ந்தது. நம் அரசு 'ஆபரேஷன் அஜய்' என்னும் பெயரில் விமானங்களை அனுப்பி இந்தியரை அழைத்து வந்தது. அப்போதுதான் பலர் தம் பாலிசியை எடுத்துப் பார்த்திருப்பர். முன்னர்க் கூறியபடி, போர் பெரும்பாலான பாலிசிகளில் விலக்குப் பட்டியலில் உள்ளது.

ஏற்பாடு செய்பவர் புறப்படுமுன் ஒரு மாலை எல்லாரையும் கூட்டி, ரத்து விதிகளையும் காப்பீட்டு விலக்குகளையும் தமிழில் உரக்கப் படித்துக் காட்டட்டும். ஒவ்வொருவரும் கொடுத்த பணத்திற்கு ரசீதும், பாலிசியின் நகலும், அவசரத் தொலைபேசி எண்ணும் பெறட்டும். பின்னாளில் நட்பு முறியாதிருக்க இதுவே வழி.

மறுத்துவிட்டால்

எல்லாம் சரியாகச் செய்தும் காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் சோர வேண்டாம். முதலில் அந்நிறுவனத்திற்கே எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவு தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டா. 50 லட்சம் ரூபாய் வரையிலான ஈட்டிற்கு அவர் ஆணையிடலாம். கப்பல் நிறுவனத்தின் சேவைக் குறைபாட்டிற்கு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நாம் வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனம் மும்பையில் இருப்பினும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் நமக்குத் திறந்திருக்கிறது. நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செல்ல வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் வழக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் ஆலோசனை கேட்கலாம். இவற்றிற்கெல்லாம் படியும் ரசீதும் கடிதமுமே ஆயுதம்.

ஆயினும் வழக்கு என்பது கடைசி வாயில். முதல் வாயில் நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. பயணத்திற்குப் பணம் கட்டுமுன் ஒரு ஞாயிறு மாலை குடும்பத்தார் எல்லாரும் அமர்ந்து, படித்த பிள்ளை ஒருவர் நிபந்தனைகளைத் தமிழில் சொல்ல, பெரியவர்கள் கேள்வி கேட்கட்டும். ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவே.

அந்த நெய்வேலிக் குடும்பம் இப்போது மீண்டும் சிறுகச் சிறுகச் சேமித்து வருகிறது. சென்ற வாரம் மூத்த மகன் நம்மிடம் இரண்டு தாள்களைக் கொண்டு வந்தார். ஒன்று கப்பல் நிறுவனத்தின் நிபந்தனை. மற்றொன்று காப்பீட்டு விலக்குகளின் பட்டியல். இரண்டிலும் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார். "இந்த முறை அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள், ஐயா" என்றார். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே வாங்கிப் பழகிய தாய் அல்லவா! புரியாத இடத்தில் நிறுத்தி, "இதற்கு என்ன பொருள் என்று அவர்களிடமே கேள்" என்றாராம். அவர் கேட்ட கேள்விகள் பதினொன்று. அவற்றிற்கு எழுத்தில் விடை வந்த பின்னரே பணம் கட்டுவதென்று முடிவு செய்திருக்கிறார்கள்.